விதை டப்பாவை ஒரே வீட்டில் வைக்காதீங்க!

நகையை எங்கே வைத்திருக்கிறோம், வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டால் தூக்கத்தில்கூட சொல்லிவிடுவோம். போன வருஷம் காய்த்த பீர்க்கங்காயின் விதை எங்கே என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அது என்ன பெரிய சொத்தா, கடையில் இருபது ரூபாய், முப்பது ரூபாய் கொடுத்தால் பாக்கெட் கிடைக்காதா என்று கேட்கிற சகோதரிகள் உண்டு. என் மகளே கேட்கிறாள். "யம்மா, இத உலத்தி, தூத்தி, சாம்பல் போட்டு வச்சிக்கிட்டு இருக்கியே, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்று. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் ஏரல்காரர்கள். தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அன்றைக்கு ஆரம்பித்த மழையைப் பற்றி நான் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பேப்பரிலும் டிவியிலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேலே அணைத் தண்ணீர், நடுவிலே காட்டு வெள்ளம், எல்லாம் சேர்ந்து ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. பாலம் துண்டாகி, கரண்ட் இல்லாமல், போன் இல்லாமல் நாலைந்து நாள் தீவு மாதிரிக் கிடந்தோம். கடைத் தெருவில் கடைக்காரர்கள் இழந்ததையெல்லாம் ஒரு பெண்பிள்ளை கண்ணால் பார்க்க முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். மாடு எத்தனை, ஆடு எத்தனை, சுவர் இடிந்ததா, வாழை எத்தனை ஏக்கர் என்று எழுதினார்கள். நிவாரணம் 6,000 ரூபாய் அறிவித்தார்கள். வெளியூரிலிருந்து லாரி லாரியாக அரிசி, போர்வை, பிஸ்கட் வந்தது. கொடுத்த மகராசர்கள் நல்லா இருக்கட்டும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீட்டில் அடுப்படி அலமாரியில், போர்ன்விட்டா டப்பாவிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும், துணி முடிச்சிலும் இருந்த விதைகள். அவரை, புடல், பீர்க்கு, சீனி அவரை, தண்டங்கீரை, வழுதலங்காய், கனகாம்பரம், கேந்தி. எல்லாம் சேற்றோடு சேறு. நனைந்தது முளைவிட்டு அழுகிவிட்டது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லவும் இல்லை. "விதை போச்சு" என்று அதிகாரியிடம் சொன்னால் சிரிப்பாரோ என்ற கூச்சம்தான்.

தை பிறந்தது. தைப்பட்டத்துக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு முழ உயரத்துக்கு வண்டல். அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை, மாவு மாதிரி இருந்தது. மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கையில் விதை இல்லை. வீட்டில் கேட்டதற்கு அவுக, "அதுக்கு என்ன, கடையில வாங்கிக்கோ" என்றார்கள். வாங்கினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், வெண்டை நன்றாகவே வந்தது, காய் காயாகக் காய்த்துத் தள்ளியது. தக்காளியும் பரவாயில்லை. புடலை மட்டும் ஒரு பாக்கெட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கவரைத் திருப்பிப் பார்த்தால் தேதி முடிந்து ஆறு மாசம். கடைக்காரரைக் கேட்டால், "நாங்க என்ன உள்ள போயா பாத்தோம்" என்கிறார். சகோதரிகளே, பாக்கெட் வாங்கினால் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் சோதனை செய்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத் திறன் எத்தனை சதம் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். இன்னொன்று. ரோஸ் கலரிலும் நீலக் கலரிலும் வருகிற விதையில் பூஞ்சாண மருந்து தடவியிருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, மிஞ்சினதைக் கோழிக்கும் போடக் கூடாது.

அடுத்த ஆடியில்தான் நிஜமான சங்கதி தெரிந்தது. நன்றாகக் காய்த்ததே அந்த வெண்டை, அதில் முற்றவிட்டு எடுத்த விதையை எதிர்த்த வீட்டு மதினி போட்டாள். ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒன்றில் காய் நீளம், ஒன்றில் முறுக்கிக்கொண்டு நார். இது யார் ஏமாற்றியதும் இல்லை. கவரில் எப்1 என்றோ ஹைபிரிட் என்றோ போட்டிருந்தால், அது இரண்டு வேறு வேறு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. முதல் தலைமுறை ஒன்று போல் இருக்கும், நன்றாகக் காய்க்கும். அதன் பிள்ளைகள் பாட்டன் பாட்டி குணத்தையெல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மாதிரி வரும். ஆகவே வருஷா வருஷம் கடைக்குத்தான் போக வேண்டும். விற்பனைக்குப் பயிர் செய்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். நாலு செடி வைக்கிற நமக்கு எதற்கு அந்தச் செலவு? நாட்டு ரகம் என்றால் ஒரு தடவை கையில் வந்தால் போதும், பேரன் பேத்தி வரைக்கும் போகும்.

சரி, போன விதைகள் திரும்ப எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. என் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஒரு பழக்கம். மகள்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது முறுக்கு, அதிரசம் கட்டிக் கொடுக்கிற பையிலேயே ஒரு தாள் முடிச்சில் விதையும் வைத்துவிடுவார்கள். "என்னத்துக்கும்மா இது" என்று நாத்தனார்கள் அலுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நாங்குநேரிப் பக்கம் இருக்கிற பெரிய நாத்தனார் வீட்டிலிருந்து அவரையும் தண்டங்கீரையும் வந்தது. தென்காசியில் இருக்கிற சின்னவள் மாடியில் தொட்டியில் வைத்திருந்த வழுதலங்காய் எங்கள் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தது. கொடுத்ததெல்லாம் பிழைத்தது, பூட்டி வைத்ததெல்லாம் ஆற்றோடு போனது.

இது நம் ஊர்ப் பாட்டிகளின் கைப்பழக்கம் மட்டும் இல்லை, பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். சிரியா நாட்டில் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, மசூர் இதெல்லாம் ஆயிரக்கணக்கான வகைகளைச் சேர்த்து வைத்திருந்த ஒரு சர்வதேச விதை வங்கி இருந்தது. அங்கே உள்நாட்டுச் சண்டை வந்து அதை நடத்த முடியாமல் போய்விட்டது. ஆனால் அவர்கள் முன்யோசனையாக, நார்வே நாட்டில் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு என்ற இடத்தில் மலையைக் குடைந்து 2008-ல் திறந்த விதைப் பெட்டகத்தில் ஒரு பங்கு கொடுத்து வைத்திருந்தார்கள். 2015-ல் அதைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் எடுத்த இடத்திலேயே ஒரு பங்கைத் திருப்பியும் வைத்துவிட்டார்கள். நார்வே நமக்கு எதற்கு? நமக்கு நாங்குநேரி போதும்! வெள்ளம் வராத ஊரில் ஒரு சொந்தக்காரி இருந்தால் அவள்தான் நம் ஸ்வால்பார்டு.

நம் தமிழ்நாட்டிலேயே நெல் ஜெயராமன் ஐயா செய்தது என்ன? திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். 174 வகை நெல்லை அப்படித்தான் மீட்டார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் அந்த நெல் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது அவர் வீட்டுக் குதிருக்குள் இல்லாமல் ஊர் ஊராகப் பரவிக் கிடந்ததுதான். மகாராஷ்டிராவில் ராஹிபாய் போபரே என்ற மலைவாழ் பெண்மணி, பள்ளிக்கூடம் போகாதவர், நாட்டு விதைகளைச் சேர்த்துப் பெண்களிடம் பரப்பியதற்காகவே பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். வீட்டுக்குப் பின்னால் செய்கிற வேலை என்று நாமே நம்மைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எப்படி எடுப்பது என்று தெரியாத இளம் சகோதரிகளுக்காகக் கொஞ்சம். முதல் காயைப் பார்த்ததும் ஆசையில் பறிக்காமல், நல்ல திடமான செடியில் இரண்டாவது மூன்றாவது காயை நூல் கட்டி அடையாளம் வைத்து முற்ற விடுங்கள். கடைசியில் மிஞ்சின சூம்பல் காயில் விதை எடுப்பதுதான் பல வீட்டில் நடக்கிறது, நல்லதைத் தின்றுவிட்டு நோஞ்சானை விதைக்கு விட்டால் அடுத்த தடவை எல்லாம் நோஞ்சானாகத்தான் வரும். கத்தரி நன்றாக மஞ்சள் நிறமாகிப் பழுக்க வேண்டும். பிசைந்து தண்ணீரில் போட்டால் அடியில் தங்குவது விதை, மிதப்பதைக் கொட்டிவிடலாம். தக்காளியைப் பிழிந்து ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே புளிக்க வைத்தால் விதையைச் சுற்றின வழவழப்பு கழன்றுவிடும், பிறகு கழுவி நிழலில் உலர்த்தணும். கீரைத்தண்டைக் கதிரோடு காயவைத்துக் கசக்கிச் சுளகில் புடைக்க வேண்டியதுதான். கீரை விதைக்கிற அன்றைக்கு எறும்பு சும்மா இருக்காது, மணலோடு கலந்து தூவி, கொஞ்சம் அரிசி நொய்யையும் சுற்றிலும் போட்டுவிட்டால் அது அதை இழுத்துக்கொண்டு போகும், விதை தப்பிக்கும்.

கொடிக் காய்களில்தான் கவனம் வேண்டும். புடலும் பீர்க்கும் பாகலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் நெட்டைப் புடலும் குட்டைப் புடலும் ஒரே பந்தலில் இருந்தால் வண்டும் பூச்சியும் மகரந்தத்தைக் கலந்துவிடும். அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது, அடுத்த வருஷம் விதை போட்டால்தான் தெரியும். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்பு ஆண் பூ. விரியப் போகிற மொட்டு இரண்டையும் முன்கூட்டியே தாளால் கட்டி வைத்து, விரிந்ததும் ஆணைப் பறித்துப் பெண்ணில் தடவி, மறுபடி கட்டிவிட்டால் கலப்பு வராது. சுரை, பீர்க்கு, புடல் சாயந்திரம் பூக்கும். பூசணி, பாகல் காலையில் பூக்கும். சாயந்திரம் விளக்கேற்றுகிற நேரம் ஒன்று, வாசல் தெளிக்கிற நேரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

சுரைக்காயில் ஒரு எச்சரிக்கை. நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள், உப்புப் போட்டு ஊற வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கசக்கும் சுரைச் சாறு உயிருக்கே ஆபத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. அந்தக் கொடியில் விதையும் எடுக்கக் கூடாது.

பூவைப் பற்றி எழுதாவிட்டால் என் தங்கை கோபித்துக்கொள்வாள். கனகாம்பரத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் விதையில் வரும். டெல்லிக் கனகாம்பரம் என்று சொல்கிற சிவப்புக் கலந்த நிறத்துக்கு விதையே பிடிக்காது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும். விதைக்காகக் காத்திருந்து ஏமாறாதீர்கள். காய்ந்த கனகாம்பரக் கதிரில் தண்ணீர் பட்டால் பட் பட் என்று வெடித்து விதை தெறித்து ஓடிவிடும் (சின்ன வயசில் எச்சில் தொட்டு வைத்து வெடிக்க விட்டு விளையாடாத பெண் யார்?). அதனால் நல்ல வெயில் நேரத்தில் காய்ந்த கதிரைப் பறித்து, ஒரு சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து மேலே துணி கட்டிவிட்டால் அத்தனை விதையும் சட்டிக்குள்ளேயே கிடக்கும். காசித்தும்பை தொட்டாலே வெடிக்கும், உள்ளங்கையில் மூடிப் பிடித்துத்தான் பறிக்கணும். மாலைக்கு வருகிற பெரிய கேந்தியில் விதை எடுத்தால் பூ சிறுத்து அடுக்குக் குறைந்து போகும், பழைய நாட்டுக் கேந்தியில் அந்தத் தொல்லை இல்லை.

வைக்கிற விதமும் முக்கியம். ஈரம் இருந்தால் எதுவும் நிற்காது. நன்றாகக் காய்ந்ததும் சாம்பல் கலந்து இறுக மூடுகிற பாட்டிலில் போட்டு, வருஷமும் பேரும் எழுதி ஒட்டுங்கள். சின்ன வெங்காயப் பூவின் விதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. வெண்டை இரண்டு வருஷம், கத்தரியும் தக்காளியும் நாலு வருஷம்கூடத் தாங்கும். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். ஆறு, ஏழு முளைத்தால் போடலாம். நம் கோயில் கொடைகளில் முளைப்பாரி எடுக்கிறோமே, அது ஊருக்கே செய்த விதைச் சோதனைதானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இப்போது அந்த நவதானியத்தையும் கடையில் பொட்டலமாக வாங்கிப் போட்டு, முளை சரியில்லை என்றால் சாமி குத்தம் என்கிறோம். சாமி என்ன செய்யும், பயறு பழசு!

எங்கள் பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது, ஏறக்குறைய 3,200 வருஷம் பழசு என்று ஆய்வில் தெரிந்ததாக 2021-ல் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். செத்தவர்களுக்குக்கூட நெல் வைத்து அனுப்பிய மண் இது. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 என்ற வெள்ளைக் கத்தரி, கொத்துக் கொத்தாக முட்டை மாதிரிக் காய்க்குமே, அது குளத்தூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அந்த விதை எங்கே இருந்தது? ஏதோ பல வீட்டு அடுப்படியில், பேர் தெரியாத பெண்களின் கையில். சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிக்கொள்ளவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு யோசனை. கொலுவுக்கும் வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாவும் சின்னத் தட்டும் கொடுத்துக் கொடுத்து எல்லார் வீட்டுப் பரணும் நிறைந்துவிட்டது. அந்தத் தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு தாள் மடிப்பில் பத்து அவரை விதையோ ஒரு சிட்டிகை கீரை விதையோ வையுங்கள். மேலே பேர், எப்போது போடணும் என்று ஒரு வரி. போன வருஷம் எங்கள் தெருக் கொலுவில் நாலு வீட்டில் அப்படிச் செய்தோம். "என்னது, விதையா?" என்று மூக்கைச் சுளித்த ஒருத்தி, கார்த்திகையில் அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் மாதம் ஒரு தடவை விதை மாற்றிக்கொள்ளலாம், காசு செலவு இல்லாத காரியம். நிவாரணம் கொடுக்கிற அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் அரிசி மூட்டையோடு அந்தந்த ஊர் நாட்டு விதைப் பொட்டலமும் வரட்டும். அரிசி ஒரு மாசம், விதை ஒரு வருஷம் முழுக்கச் சோறு போடும்.

எல்லாம் திரும்பக் கிடைத்தும் எங்கள் அத்தை வைத்திருந்த குட்டைப் புடல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் நீளம். வெள்ளைத் தோலில் கரும்பச்சைக் கோடு, காம்புப் பக்கம் பச்சை அடர்த்தியாக இருக்கும். கூட்டு வைத்தால் கரையாது, முற்றினாலும் நார் விழாது. நாத்தனார்கள் இரண்டு பேரும் அதை வாங்கிப் போகவே இல்லை, "புடல் வாசனை ஆகாது" என்று விட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும், ஆத்தூர், குரும்பூர், ஆழ்வார்திருநகரி, முக்காணி என்று விசாரித்துவிட்டேன். இதைப் படிக்கிற சகோதரிகள் யார் வீட்டுப் பந்தலிலாவது இந்தப் புடல் தொங்கினால், இந்தப் பகுதிக்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அத்தைக்கு எண்பத்திரண்டு வயசாகிறது. நாலு விதை போதும், பதிலுக்கு எட்டாகத் தருகிறேன், கூடவே ஆரஞ்சுக் கனகாம்பரமும்.

- ஒரு வாசகி, ஏரல்.